பதறாத காரியம்

பதறாத காரியம் சிதறாது என்பது நம் நாட்டார் நாவில் நெடுங்காலமாய் வழங்கும் பழமொழி. அதன் மெய்ப்பொருளை யான் உணர்ந்தது நூல்களால் அன்று. ஒரு மடிக்கணினியைப் பாழாக்கிய பின்னரே.

சென்ற ஆண்டு ஆனி மாதத்தில் சில நாள் விடுப்பில் ஆனைமலையிலுள்ள எம் இல்லம் சென்றிருந்தேன். தென்மேற்குப் பருவக்காற்று மலையினின்று இறங்கித் தென்னந்தோப்புகளை அலைத்துக்கொண்டிருந்தது. அத்தகைய நாட்களில் மின்சாரம் வருவதும் போவதும் ஆங்கு வியப்பன்று. எந்தையார் ஒரு கறவைப் பசுவை விற்று வாங்கித் தந்த மடிக்கணினிக்குப் பயாஸின் புதிய பதிப்பு வெளிவந்திருப்பதைக் கண்டேன். பழைய பதிப்பினால் யாதொரு குறையும் இல்லை. ஆயினும் புதியது என்னும் ஆசை என்னை விடவில்லை. திண்ணையிலிருந்த அப்புச்சி, "காத்தடிக்குது கண்ணு, கரண்டு நிக்காது, நாளைக்குப் பாத்துக்கலாமே" என்றார். பேட்டரியில் அறுபது விழுக்காடு இருக்கிறதென்று நகைத்தேன். பணி பாதி நடக்கையில் மின்சாரம் நின்றது. அறுபது காட்டிய பழம் பேட்டரியும் மறுகணமே ஓய்ந்தது. மின்சாரம் மீண்டபின் விளக்கு எரிந்தது, விசிறி சுழன்றது; திரை மட்டும் இருண்டே கிடந்தது.

பயாஸ் என்பது, கணினிக்கு மின்சாரம் ஊட்டியவுடன் முதற்கண் விழித்து, நினைவகம், விசைப்பலகை, திரை முதலியவற்றை ஆயத்தம் செய்து, அதன் பின்னரே விண்டோஸ், லினக்ஸ் போன்றவற்றை எழுப்பும் ஆணைத்தொகுதி. 1981-ஆம் ஆண்டில் வெளிவந்த ஐபிஎம் கணினியில் அஃது அழித்தெழுத இயலாத சில்லில் பதிக்கப்பட்டிருந்தது. பின்னாளில் ஃபிளாஷ் சில்லு வந்தது. வசதியோடு அபாயமும் வந்தது. அதில் பழையதை அழித்தபின்னரே புதியதை எழுத இயலும். இவ்விரண்டிற்கும் இடையில் மின்சாரம் அறுமாயின், கணினி தன்னை எழுப்பும் ஆணையை இழந்து நிற்கும். 1998-இல் தைவான் நாட்டு மாணவர் சென் இங்-ஹாவ் இயற்றிய சிஐஎச் என்னும் வைரஸ், 1999 ஏப்ரல் 26 அன்று பல கணினிகளில் இச்சில்லையே சிதைத்தது. அது வைரஸின் வேலை. இங்கோ என் அவசரமே அவ்வேலையைச் செய்து முடித்தது.

கோயம்புத்தூரில் ஒரு சிறு கடையில் அதனைக் கொடுத்தேன். அங்கிருந்த முதியவர் பேட்டரியைக் கழற்றி, தாய்ப்பலகையிலிருந்த எட்டுக்கால் சில்லைக் காட்டினார். அதன் எண்ணைப் பார்த்து, அது 3.3 வோல்ட்டினதா 1.8 வோல்ட்டினதா என்று தெளிந்த பின்னரே கிளிப்பை மாட்டினார். உள்ளிருந்ததை இருமுறை படித்து, இரண்டும் ஒத்திருத்தல் கண்டு படியெடுத்து வைத்தார். "இந்தக் கணினிக்கே உரிய எண்களும் இதுக்குள்ளதான் இருக்கும், தம்பி; அதைத் தொலைச்சுட்டா திரும்பக் கிடைக்காது" என்றார். பின் எழுதி, எழுதியதைச் சரிபார்த்தார். திரை ஒளிர்ந்தது, என் கோப்புகள் வட்டில் பழுதின்றி இருந்தன.

மாணவ நண்பர்களே, பாதுகாப்புக் குறையோ வேறு பழுதோ நீங்குமெனின் பயாஸைப் புதுப்பித்தல் வேண்டும். வெறும் ஆசைக்காக வேண்டா. கணினியின் மாதிரி எண் சிறிதும் பிசகாமல் ஒத்த கோப்பினைச் செய்தவர் தளத்தினின்றே பெறுக. கோப்புகளுக்குப் படியெடுத்து, பிட்லாக்கர் இருப்பின் அதனை இடைநிறுத்தி, மீட்புச்சாவியையும் குறித்து வைக்க. சார்ஜரும் நல்ல பேட்டரியும் ஒருங்கே இருக்கட்டும். நடுவில் திரை இருளினும், கணினி தானே மீண்டும் தொடங்கினும் அஞ்சி விசையை அழுத்தற்க. பென் டிரைவினின்று மீட்கும் வழி சில கணினிகளில் உண்டு. அதனையும் முன்னரே அறிந்துகொள்க.

தை மாதத்தில், பாதுகாப்புக் குறை ஒன்றை நீக்கும் பதிப்பு வந்தது. பேட்டரியைப் புதிதாக மாற்றியிருந்தேன். ஆயினும் தொடங்குமுன் திண்ணைக்குச் சென்று, "அப்புச்சி, இன்னைக்குக் காத்து எப்படிங்க?" என்று வினவினேன். அவர் தென்னங்கீற்றுகளை நிமிர்ந்து நோக்கி, "அசையல கண்ணு, போய்ச் செய்" என்றார்.