பட்டன் கத்தி வாங்கப் போகும் தம்பிக்கு

முதல் தடவை பட்டன் கத்தி வாங்குகிறவனுக்கு எது சரிப்படும், 500 ரூபாய்க்குள் நல்லதாக என்ன கிடைக்கும்? இந்த ஒரு வருடத்தில் மூன்று பேர் என்னிடம் இதைக் கேட்டுவிட்டார்கள். மூவருமே சேலையூர், மாடம்பாக்கம் பக்கம் நாங்கள் மாலை வகுப்பு நடத்தும் குடியிருப்புகளில் வளர்ந்த பிள்ளைகள். ஒருவன் சனி, ஞாயிறு மட்டும் கிடங்கில் அட்டைப்பெட்டி பிரிக்கிற வேலைக்குப் போகிறான். ஒருவன் காதலிக்கிறான், பெண் வேறு சாதி. மூன்றாமவனுக்கு ரீல்ஸ் போட வேண்டும். சமூகப் பணியாளரிடம் கேட்கிற கேள்வியா இது என்று என்னுடன் வேலை செய்பவர்கள் சிரித்தார்கள். எனக்கு என்னவோ, அவர்கள் யூடியூபோடு நிறுத்திக்கொள்ளாமல் என்னிடமும் வந்து கேட்டது நிம்மதியாகத்தான் இருந்தது. கேள்விக்கு நேராகவே பதில் சொல்கிறேன்.

முதலில் பொருளைப் பார்ப்போம். பட்டன் கத்தியில் அலகு கைப்பிடிக்குள் மடங்கி, ஸ்பிரிங்கின் இழுவிசையோடு காத்திருக்கும். பட்டனை அழுத்தினால் பிடி விலகி அலகு வெளியே பாயும். பெரும்பாலான கத்திகளில் விரிந்த அலகைப் பிடித்து நிறுத்துவதும் அதே பட்டன்தான். மலிவு கத்தி பழுதாகும் இடமும் அதுதான். பட்டன் உட்காரும் குழி தேய்ந்தால் அலகு ஆடும். அழுத்தி வெட்டும்போது மடங்கி விரலில் விழும். பட்டனுக்கு அடியில் இருக்கும் சின்ன ஸ்பிரிங் தளர்ந்தால் கால்சட்டைப் பைக்குள்ளேயே திறந்துகொள்ளும். முன்பக்கம் நேராகப் பாய்கிற வகையில் அட்டைத் தூசியும் டேப் பசையும் போய் அடைத்தால் அலகு பாதியில் நின்றுவிடும். விலை குறைந்தவற்றில் எஃகின் தரம் என்ன என்று பெரும்பாலும் போட்டிருக்க மாட்டார்கள். ‘ஸ்டெயின்லெஸ்’ என்பதோடு சரி. 500 ரூபாய்க்குள் நல்ல பட்டன் கத்தி என்று ஒன்று கிடையாது தம்பி. அந்த விலைக்குக் கிடைப்பது சத்தம் மட்டும்தான்.

கிடங்கு வேலைக்கு அது தேவையுமில்லை. ஒரு கையில் பெட்டி, மறு கையில் கத்தி, கட்டைவிரலால் திறக்க வேண்டும் என்பது நியாயமான தேவைதான். அதைத் தீர்த்தவர் ஒரு தொழிலாளி. 1956ல் ஜப்பானின் ஒசாகாவில் அச்சகத்தில் வேலை செய்த ஒகாடா, சாக்லேட் கட்டியை வரிவரியாக உடைப்பதைப் பார்த்து, முனை மழுங்கினால் உடைத்துப் போடுகிற அலகை உருவாக்கினார். நம் ஊர் ஸ்டேஷனரி கடையில் ‘கட்டர்’ என்று கேட்டால் எடுத்துத் தருவதே அதுதான். இரும்புச் சட்டம் வைத்த, பூட்டு திருகு உள்ள பெரிய கட்டர் வாங்கு. நூறு ரூபாய்க்குப் பக்கத்தில் முடிந்துவிடும். மாற்று அலகு ஒரு டப்பா வாங்கி வைத்துக்கொள். வேலை முடிந்ததும் கட்டரைக் கிடங்கிலேயே வைத்துவிட்டு வா. இந்தக் கடைசி வரி ஏன் என்று சொல்லத்தான் மீதிக் கட்டுரை.

1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் ஆயுதம் என்பதை நோக்கத்தை வைத்து வரையறுக்கிறது. தாக்கவோ தற்காக்கவோ வடிவமைக்கப்பட்டது ஆயுதம். வீட்டு உபயோகத்துக்கும் விவசாயத்துக்கும் மட்டுமே ஆனது ஆயுதமல்ல. 2016ஆம் ஆண்டின் விதிகளில் 9 அங்குலத்துக்கு மேல் நீளமோ 2 அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள கத்தி ஆயுதப் பட்டியலில் வருகிறது. வீடு, விவசாயம், அறிவியல், தொழில் சார்ந்தவற்றுக்கு அங்கும் விலக்கு. டெல்லி இன்னும் கறாராகப் போனது. 1980ஆம் ஆண்டு அறிவிக்கை ஒன்று பட்டன் கத்தி, ஸ்பிரிங் கத்தி ஆகியவற்றைப் பெயர் சொல்லியே குறிப்பிட்டது: அலகு 7.62 சென்டிமீட்டர் நீளமும் 1.72 சென்டிமீட்டர் அகலமும் தாண்டினால் கட்டுப்பாடு. 7.62 என்பது 3 அங்குலம், சுண்டுவிரலை விடக் கொஞ்சம்தான் பெரிது. அந்த அறிவிக்கையின் கீழ் போடப்பட்ட ஒரு வழக்கை 2025 மே மாதம் உச்ச நீதிமன்றம் ரத்து செய்தது. கத்தியை விற்கவோ தயாரிக்கவோ வைத்திருந்தார் என்று குற்றப்பத்திரிகையில் ஒரு வார்த்தைகூட இல்லை என்பது காரணம். சட்டம் பிழைத்தது, சரி. ஆனால் உச்ச நீதிமன்றம் வரை படியேறியது சட்டைப்பையில் கத்தி வைத்திருந்த மனிதர்தானே.

நோக்கத்தை யார் முடிவு செய்கிறார்கள்? இரவு 11 மணிக்கு கேம்ப் ரோடு சந்திப்பில் பையைத் திறந்து பார்க்கிற காவலர். அதே கட்டர் ஒரு ஐடி ஊழியரின் காரில் இருந்தால் ஸ்டேஷனரி. நம் பையனின் இடுப்பில் இருந்தால் முதல் கேள்வியே “எந்த ஏரியா?” என்பதாக இருக்கும். அந்தக் கேள்வியின் பொருள் உங்களுக்குத் தெரியும். கத்தி ஒன்று கைப்பற்றப்பட்டுவிட்டால் வழக்கு எழுதுவதும் சுலபம். கத்தியைக் காட்டி மிரட்டிப் பணம் பறித்தான் என்று ஒரு வரி சேர்ந்தால் போதும். கொலைக்கருவியோடு கொள்ளை என்பது பழைய சட்டத்தில் 397, இப்போதைய நியாய சன்ஹிதாவில் 311: குறைந்தபட்ச தண்டனையே 7 ஆண்டு. அதற்கு மேல் 1982ஆம் ஆண்டின் 14ஆவது சட்டம், நாம் குண்டாஸ் என்று சொல்வது, விசாரணையில்லாமல் 12 மாதம் வரை உள்ளே வைக்கும். நீதிமன்றம் பின்னால் அந்த உத்தரவை ரத்து செய்யலாம். ஆனால் அந்த ஆண்டின் செமஸ்டர் தேர்வு திரும்பி வராது.

இது நம் ஊர்க் கதை மட்டுமல்ல. அமெரிக்காவில் 1950களில் பட்டன் கத்தி என்றாலே நகரத்துத் தெருப்பையன்கள் என்று ஒரு பீதி கிளம்பியது. பத்திரிகையும் சினிமாவும் ஊதிப் பெரிதாக்க, 1958ல் கூட்டாட்சிச் சட்டமே வந்தது. மணிக்கட்டை உதறினால் திறக்கும் கத்தியை நியூயார்க் மாநிலமும் தடை செய்தது. கடைசியில் பிடிபட்டது யார்? வன்பொருள் கடையில் வெளிப்படையாக விற்ற மடக்குக் கத்தியை வேலைக்காக வாங்கி வைத்திருந்த கட்டடத் தொழிலாளர்கள், சரக்கு ஏற்றுபவர்கள். பெரும்பாலும் கறுப்பினத்தவரும் லத்தீன் அமெரிக்கரும். ஆளுநர் இரண்டு முறை மறுத்த பிறகு 2019 மே மாதம்தான் அந்தத் தடை நீங்கியது.

இங்கே உத்தரப் பிரதேசத்தின் ராம்பூர் கத்தியை எடுத்துக்கொள்ளுங்கள். இந்திப்பட வில்லன் கையில் சொடுக்கித் திறக்குமே, அதுதான். அரசு கட்டுப்பாடு போட்டு கைவினைஞர்கள் ஒவ்வொருவராகத் தொழிலை விட்டுப் போன பிறகு, 2023ல் அதே ஊர்ச் சந்திப்பில் 20 அடி உயரத்துக்கு ஒரு கத்தியை நட்டுவைத்து ‘அடையாளம்’ என்றார்கள். கத்தி செய்கிறவனின் வயிறு காய்ந்த பிறகு சிலை! தமிழ்நாட்டில் திருப்பாச்சி அரிவாளுக்குக் கிடைக்கும் மரியாதையே வேறு. அது வீரம், குலப்பெருமை, ஃபிளெக்ஸ் பேனரில் மீசைக்குப் பக்கத்தில் இருக்கும். 2021 செப்டம்பரில் பழிக்குப்பழி கொலைகள் தொடர்ந்தபோது காவல்துறை மாநிலம் முழுக்கத் தேடுதல் நடத்தி 3,000 பேருக்கு மேல் கைது செய்தது. அரிவாள் விற்பவர்கள் வாங்குகிறவரின் பெயர், முகவரி, கைபேசி எண்ணை எழுதிவைக்க வேண்டும் என்றும் சொன்னது. பட்டறைக்காரரின் நோட்டுப்புத்தகத்தில் பெயர் வரும். பேனர் அப்படியே நிற்கும்.

யார் கையில் ஆயுதம் இருக்கலாம் என்பது நம் நாட்டில் ஒருபோதும் வெறும் சட்டக் கேள்வியாக இருந்ததில்லை. 1936ல் எழுதிய ‘சாதி ஒழிப்பு’ நூலில் அண்ணல் அம்பேத்கர் இதைத் தொடுகிறார்: மற்ற நாடுகளில் நடந்த சமூகப் புரட்சி இங்கே ஏன் நடக்கவில்லை என்று கேட்டு, அடித்தட்டு மக்களிடமிருந்து ஆயுதமும் கல்வியும் பறிக்கப்பட்டதைக் காரணமாகக் காட்டுகிறார். பறித்தது பழைய கதை என்று நினைத்தால், குடகைப் பாருங்கள். கொடவர்களுக்குத் துப்பாக்கி உரிமம் எடுப்பதிலிருந்து இனத்தின் பேரால் விலக்கு உண்டு. பிரிட்டிஷார் கொடுத்தது, 2019ல் ஒன்றிய அரசு அதை 2029 வரை நீட்டியது. கொடவர்கள் மேல் எனக்கு எந்தக் கோபமும் இல்லை. பிறப்பைப் பார்த்து நம்பிக்கை வைக்கிற அரசு, பிறப்பைப் பார்த்து சந்தேகமும் படும் என்பதைத்தான் சொல்கிறேன்.

இப்போது காதலிக்கிற தம்பியிடம் வருகிறேன். உன் பயம் கற்பனை அல்ல. உடுமலைப்பேட்டையில் சங்கரை 2016 மார்ச்சில் பட்டப்பகலில், பேருந்து நிலையத்துக்கு அருகில் வெட்டினார்கள். 2024 பிப்ரவரியில் நம் பள்ளிக்கரணையிலேயே, சாதி மறுத்துத் திருமணம் செய்த ஒரு தலித் இளைஞர் கொல்லப்பட்டார். இரண்டிலும் வந்தது கும்பல். கையில் நீள ஆயுதம், திட்டம் போட்டு வந்தவர்கள். 3 அங்குல அலகை நீ எடுத்துத் திறப்பதற்குள் எல்லாம் முடிந்திருக்கும். ஒருவேளை நீ உயிர் பிழைத்து எதிரில் ஒருவனுக்குக் காயம் பட்டாலும், உன் மேல் எதிர்வழக்கு வரும். தற்காப்பு உரிமை சட்டத்தில் இருக்கிறது, நியாய சன்ஹிதாவின் 34 முதல் 44 வரை படித்துப் பார். ஆனால் முன்கூட்டியே வாங்கி இடுப்பில் செருகிய பட்டன் கத்தியை வைத்தே அந்த உரிமையை எதிர்த்தரப்பு வக்கீல் உடைப்பார்.

கத்தியை விட நீளமான ஒன்று உன்னிடம் இருக்கிறது. 2018 மார்ச் 27 அன்று சக்தி வாஹினி வழக்கில் உச்ச நீதிமன்றம், சாதி மறுத்து இணைகிறவர்களின் புகாரைக் கவனிக்க ஒவ்வொரு மாவட்டத்திலும் சிறப்புப் பிரிவு, 24 மணி நேரத் தொலைபேசி, தேவைப்பட்டால் பாதுகாப்பு இல்லம் வேண்டும் என்று உத்தரவிட்டது. மிரட்டல் வந்த தேதி, எண், சொன்ன வார்த்தை எல்லாவற்றையும் எழுதி இப்போதே மனு கொடு. ஒப்புகைச் சீட்டு வாங்காமல் வராதே. வாங்க மறுத்தால் பதிவுத் தபாலில் அனுப்பு. வன்கொடுமைக்கான தேசிய உதவி எண் 14566. நீங்கள் இருவரும் ஒரே இடத்தில் தங்க வேண்டாம். யாருக்கும் தெரியாமல் ஊருக்குப் போய்ப் பேசிவிட்டு வரலாம் என்ற யோசனையை விட்டுவிடு.

அரசியல் வேலை செய்கிற தோழர்களுக்கு இன்னொன்று. வன்கொடுமைத் தடுப்பு விதிகள் 1995ல் விதி 3 என்று ஒன்று இருக்கிறது, கூட்டங்களில் நாம் அதிகம் பேசாதது. வன்கொடுமை நடக்க வாய்ப்புள்ள பகுதி என்று அடையாளம் கண்டால், பட்டியல் சாதி, பழங்குடி அல்லாதவர்களின் ஆயுத உரிமங்களை ரத்து செய்து ஆயுதங்களை அரசுக் கிடங்கில் ஒப்படைக்கச் செய்ய வேண்டும் என்கிறது. தேவை என்று கருதினால் பட்டியல் சாதி, பழங்குடி மக்களுக்கு ஆயுத உரிமம் வழங்கலாம் என்றும் சொல்கிறது. ஆமாம், அச்சில் இருக்கிறது. இரண்டாவது பாதியைக் கேட்டு ஓடுவதை விட முதல் பாதியைக் கேட்பது நமக்கு அவசரம் என்பது என் கருத்து. எதிராளியின் கையிலிருப்பதை வாங்கி வை என்று கேட்பதற்கு யாரும் நம் மேல் வழக்குப் போட முடியாது. மாவட்ட விழிப்புணர்வு மற்றும் கண்காணிப்புக் குழு 3 மாதத்துக்கு ஒருமுறை கூட வேண்டும் என்று விதி 17 சொல்கிறது. உங்கள் மாவட்டத்தில் கடைசியாக எப்போது கூடியது, விதி 3ன் கீழ் எத்தனை உரிமங்கள் ரத்தாயின என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேளுங்கள். கட்டணம் 10 ரூபாய்.

மாலை வகுப்பில் விதிகளின் தமிழ் நகல் வைத்திருக்கிறோம். மனு எழுதிப் பழக வேண்டும் என்பவர்கள் ஞாயிறு 5 மணிக்கு வாருங்கள். ரீல்ஸ் தம்பி, நீயும்தான். எழுத ஆள் குறைவாக இருக்கிறது.