எட்டு மணி நேரமும் அரை மணி நேரமும்

காரவள்ளியிலிருந்து கொல்லிமலை ஏறும் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். கீழே வாங்கி பைக்கில் கட்டிக்கொண்டு வரும் பொருள் எதுவானாலும் குலுங்கித்தான் மேலே வந்து சேரும். மலைமேல் திண்ணனூர் நாட்டில் ஒரு ஹார்ட் டிஸ்கைத் தேர்ந்தெடுக்க இதையும் கணக்கில் சேர்க்க வேண்டும் என்று கணினி பழுது பார்க்கும் ஓர் இளைஞர் சொன்னபோதுதான், அவருடைய வேலையை உட்கார்ந்து பார்க்கவேண்டும் என்று எனக்குத் தோன்றியது.

அவர் பழுது பார்க்க வந்திருந்த கடை சிறியது. போட்டோ, ஜெராக்ஸ், டிடிபி மூன்றும் ஒரே அறையில். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்துப் பத்திரிகை, தாலுகா ஆபீசுக்கு மனு, ஆடி மாதம் வல்வில் ஓரி விழாவில் எடுத்த படங்கள் எல்லாம் மேசைக்கு அடியில் இருக்கும் ஒரு பென்டியம் 3 கணினியில்தான் இருக்கின்றன. அதில் ஓடுவது விண்டோஸ் 98. புதுசு வாங்கக் காசில்லாமல் அதை வைத்திருக்கவில்லை. பக்கத்திலேயே ஒரு லேப்டாப்பும் இருக்கிறது. பழைய டிசைன்கள் எல்லாம் பேஜ்மேக்கரில், யூனிகோடு பரவுவதற்கு முந்தைய தமிழ் எழுத்துருக்களில் செய்தவை. எழுத்துரு மென்பொருளுக்கு பிரின்டர் போர்ட்டில் செருகும் பூட்டு ஒன்று உண்டு. லேப்டாப்பில் அந்த போர்ட்டே கிடையாது. கோப்பை மட்டும் எடுத்துப்போய்த் திறந்தால் தமிழ் இருக்கவேண்டிய இடத்தில் அர்த்தமில்லாத ஆங்கில எழுத்துகள்தான் வரும். அதனால் அந்தப் பெட்டி ஓடியாக வேண்டும். அதிலிருப்பது அடிக்கடி வெளியே பிரதியாகவும் வேண்டும்.

கடைக்காரர் ஏற்கெனவே கீழே ஒரு கடையில் 1 டிபி எக்ஸ்டர்னல் வாங்கிவந்திருந்தார். 'ரொம்ப ஸ்பீடு' என்று சொல்லிக் கொடுத்தார்களாம். செருகினால் டிக், டிக் என்று தட்டிவிட்டு நின்றுபோனது.

"அண்ணா, டிஸ்க் மேல தப்பில்லீங்க. இந்தப் பெட்டி பின்னாடி என்ன இருக்குன்னு யாராவது பார்த்தாங்களா?" என்று கேட்டபடியே பழுது பார்க்க வந்த தம்பி சிபியூவைத் திருப்பினார்.

பின்னால் இருந்தவை 1998-இல் வந்த யூஎஸ்பி 1.1 போர்ட்டுகள். நொடிக்கு 12 மெகாபிட் என்பது ஏட்டுக் கணக்கு. கைக்கு வருவது ஒரு எம்பி அளவுதான். கடைக்காரரிடம் இருப்பது 28 ஜிபி. தம்பி ஒரு காகிதத்தில் வகுத்துக் காட்டினார்: ஏறக்குறைய எட்டு மணி நேரம். நொடிக்கு 500 எம்பி ஓடும் டிஸ்கை மாட்டினாலும் அதே எட்டு மணிதான். மின்சாரமும் போதாது. அந்த போர்ட் தருவது 500 மில்லி ஆம்பியர். உள்ளே தட்டு சுழலும் டிஸ்க் கிளம்பும் நொடியில் அதைவிடக் கூடுதலாகக் கேட்கும். டிக் டிக் சத்தத்துக்கு அதுவே காரணம்.

இது கொல்லிமலைக்கு மட்டும் வந்த சங்கடமில்லை. ஆப்பிள் நிறுவனம் 1985-இல் மெக்கின்டாஷுக்கு 20 எம்பி வெளி டிஸ்க் ஒன்றை விற்றது. அது ஃபிளாப்பி டிரைவின் போர்ட் வழியாகத்தான் இணைந்தது. அதனாலேயே மந்தமாக ஓடியது. அடுத்த ஜனவரியில் வந்த மெக்கின்டாஷ் பிளஸில் ஸ்கஸி என்ற புது இணைப்பு சேர்ந்தபிறகுதான் வெளி டிஸ்க் வேகம் பிடித்தது.

எட்டு மணி நேரம் ஓடவிட்டால்தான் என்ன என்று கேட்டேன். கடைக்காரர் யூபிஎஸ்ஸைக் காட்டினார். கரண்ட் போனால் அது கால் மணி தாங்கும். மழைக்காலத்தில் எட்டு மணி நேரம் தொடர்ந்து கரண்ட் இருக்கும் என்று மலையில் யாரும் வாக்குக் கொடுக்க மாட்டார்கள். பாதியில் நின்றால் எது போனது, எது போகவில்லை என்று விண்டோஸ் 98 சொல்லாது. வேகம் இங்கே பகட்டுக்குக் கேட்பதில்லை, அது பாதுகாப்பு.

தம்பி பையிலிருந்து ஒரு பிசிஐ கார்டை எடுத்தார். என்ஈசி சிப் வைத்த யூஎஸ்பி 2.0 கார்டு. பழைய கார்டுகளிலேயே இதைத் தேடிப் பிடிப்பதற்குக் காரணம், இதற்கு விண்டோஸ் 98 டிரைவர் உண்டு. கார்டின் தங்க நிற விளிம்பைப் பள்ளிப் பிள்ளைகளின் பென்சில் ரப்பரால் பொறுமையாகத் தேய்த்தார். ரப்பர் கறுத்தது. மலைப் பனியின் ஈரம் இந்த விளிம்புகளில்தான் படியுமாம். பாதி 'ரிப்பேர்' இதிலேயே முடிந்துவிடும் என்றார். பிறகு ஸ்லாட்டில் கட்டைவிரலால் இரு முனையும் சமமாக அழுத்தினார். டிரைவர் சிடியில் இருந்தது. பென் டிரைவில் கொண்டுவந்தால், அதைப் படிப்பதற்கே முதலில் டிரைவர் வேண்டும்.

டிஸ்காக அவர் தேர்ந்தெடுத்தது 120 ஜிபி எஸ்எஸ்டி. வேகத்துக்காக இல்லை, அதன் வேகத்தில் பெரும்பகுதி இங்கே வீண்தான். ஆனால் சுழலும் தட்டு இல்லாததால் மின்சாரம் கொஞ்சம் போதும், 70 வளைவும் குலுங்கினாலும் அஞ்சவேண்டாம். அதை லேப்டாப்பில் செருகி, 32 ஜிபி பிரிவு ஒன்றை ஃபேட்32 முறையில் உருவாக்கினார். என்டிஎஃப்எஸ் பிரிவை விண்டோஸ் 98 படிக்காது. எதைச் செருகினாலும் ஓடும் என்று விற்பவர்களைவிட, எது ஓடாது என்று மனப்பாடமாகத் தெரிந்த இந்த ஆளை நான் அதிகம் நம்புவேன்.

உள் டிஸ்கைக் கழற்றி லேப்டாப்பில் மாட்டினால் இன்னும் சுலபமாயிற்றே என்றேன். ஒருமுறை மீட்க அதுதான் சரி, வாரா வாரம் கழற்றினால் பழைய பின்கள் வளைந்துவிடும் என்றார்.

பிரதி அரை மணிக்குள் முடிந்தது. இனிமேல் வேகத்தைத் தடுப்பது அந்தப் பழைய உள் டிஸ்க் மட்டுமே. முடிந்ததும் தம்பி கோப்புகளின் எண்ணிக்கையை ஒப்பிட்டார்; படங்களை இங்கொன்றும் அங்கொன்றுமாக லேப்டாப்பில் திறந்து பார்த்தார். கடைக்காரர் ஓரி விழாப் படம் ஒன்றில் கூட்டத்துக்குள் தன் அப்பாவைக் காட்டினார்.

"உள் டிஸ்க் சத்தம் கேக்குதுங்களாண்ணா? அடுத்த தடவை அதுக்குப் பதிலா காம்பாக்ட் ஃபிளாஷ் கார்டு ஒண்ணு கொண்டுவர்றேன். ஐடிஇ-ல நேரா பேசும்."

"கொண்டுவா தம்பி. ஆனா அந்தப் பூட்டு வேலை செய்யணும்."

அதைச் சோதித்துவிட்டுத்தான் பழையதைக் கழற்றுவேன் என்று சொல்லிவிட்டு, தம்பி திருகுகளை ஒவ்வொன்றாக முடுக்கத் தொடங்கினார்.