தைராய்டு மாத்திரையும் கூடின எடையும்



போன வாரம் தக்கலையிலிருந்து பழைய மாணவி ஒருத்தி போன் பண்ணினாள். ஹைப்பர் தைராய்டுக்கு ஐந்து மாதமாக மாத்திரை சாப்பிடுகிறாள். "டீச்சர், ஆறு கிலோ கூடிப்போச்சு. ஒரு ரவிக்கையும் சேரல்ல. மாத்திரைய நிறுத்திரட்டா?" என்றாள். என் கொழுந்தன் மகளும் இதையேதான் கேட்டாள். அதனால் எல்லாருக்கும் சேர்த்து எழுதுகிறேன். நான் டாக்டர் இல்லை. முப்பது வருடம் உயிரியல் நடத்தினவள், இதே நோய்க்கு ஒன்றரை வருடம் கார்பிமசோல் சாப்பிட்டவள்.

தைராய்டு சுரப்பு கூடினால், சும்மா படுத்திருந்தாலும் உடம்பின் அடுப்பு எரிந்துகொண்டே இருக்கும். இந்த நோயாளிகள் அதிக ஆக்சிஜனைச் செலவழிக்கிறார்கள் என்று 1895-லேயே ஜெர்மனியில் மாக்னஸ்-லெவி என்ற மருத்துவர் அளந்து காட்டினார். எனக்கு மூன்று நேரமும் வயிறு முட்டச் சாப்பிட்டும் நான்கு மாதத்தில் ஒன்பது கிலோ குறைந்தது. சுசீந்திரம் தேரோட்டத்தில் பார்த்தவர்கள் எல்லாம் "டீச்சர் மெலிஞ்சு அழகாயிட்டீங்க" என்றார்கள். கரைந்தது கொழுப்பு மட்டுமல்ல, தசையும்தான். மாடிப்படி ஏறினால் தொடை நடுங்கும்.

கொழுப்பை நம் பழைய வீட்டுப் பத்தாயம் என்று வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே எவ்வளவு நெல் கிடக்கிறது என்று மூளைக்குப் போய்ச் சொல்லும் ஆள்தான் லெப்டின். கொழுப்புச் செல்களே சுரக்கும் ஹார்மோன் அது. நியூயார்க்கில் ஃப்ரீட்மன் குழு 1994-ல் கண்டுபிடித்தது. பத்தாயம் குறைந்தால் லெப்டின் குறையும், பசி கூடும். சிகிச்சையில் கொழுப்பு திரும்பச் சேரும்போது லெப்டினும் ஏறும். அடிபோனெக்டின் என்று இன்னொன்று உண்டு, இன்சுலின் நன்றாக வேலை செய்ய உதவுவது. தைராய்டு கூடினவர்களிடம் இந்த இரண்டும் எப்படி மாறுகின்றன என்பதில் ஆய்வு முடிவுகள் ஒன்றோடொன்று ஒத்துப்போகவில்லை. ஆகவே யாராவது லெப்டின் டெஸ்ட் எடுக்கச் சொன்னால் காசை வீணாக்காதீர்கள். டி.எஸ்.எச்., டி4, டி3 போதும்.

மாத்திரை தொடங்கியதும் அடுப்பு தணியும். ஆனால் கை பழைய அளவிலேயே சோறு போடும். அதனால்தான் எடை ஏறுகிறது. இதில் பெரும்பங்கு நோய் பறித்ததைத் திரும்பப் பெறுவதுதான். அதைப் போய் குண்டாகிவிட்டாய் என்று சொல்லும் சொந்தக்காரர்கள்மேல் எனக்கு நல்ல எரிச்சல் உண்டு! நோயின்போது குறைவாகக் காட்டிய கொலஸ்ட்ராலும் இப்போது ஏறும், பயப்பட வேண்டாம். நோய் வருவதற்கு முன்பிருந்த எடையைத் தாண்டிப் போனால், சோர்வும் மலச்சிக்கலும் சேர்ந்து வந்தால், மாத்திரை அளவு கூடியிருக்கலாம். இரத்தப் பரிசோதனையோடு டாக்டரைப் பாருங்கள்.

நிறுத்தினால் எடை குறையுமா? குறையும், நோய் திரும்பி வந்து. என் சித்தி மகள் வீட்டுக் கல்யாணத்துக்கு மெலிய வேண்டும் என்று தானாக நிறுத்தினாள். தாறுமாறான இதயத்துடிப்போடு மூன்று நாள் ஐ.சி.யு.வில் கிடந்தாள். கல்யாணத்தை வீடியோவில்தான் பார்த்தாள்.

ஒரு விதிவிலக்கு உண்டு மக்களே. மாத்திரை சாப்பிடும்போது காய்ச்சலோ கடுமையான தொண்டைவலியோ வந்தால், அடுத்த மாத்திரையைப் போடாமல் அன்றைக்கே போய் வெள்ளணு எண்ணிக்கை பாருங்கள். அபூர்வமாக இந்த மருந்து வெள்ளணுக்களை மிகவும் குறைத்துவிடும்.

மரச்சீனி தின்னலாமா என்று அடுத்து கேட்பீர்கள். நன்றாக வேகவைத்து, தண்ணீரை வடித்து, மீன்கறியோடு தின்னுங்கள். நான் அளவு வைத்திருப்பது நேந்திரங்காய் சிப்ஸுக்குத்தான்.