ஐந்தாவது தந்தி

சென்ற ஆண்டு விழா நிறைவுற்று மண்டபத்து நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்த வேளையில் எமது மகள் அருகே வந்து நின்றாள். "அப்பா, எனக்கு ஐஞ்சு கம்பி பேஸ் கிற்றார் ஒண்டு வேணும். ஆனா பாக்கிறதுக்குப் பழசு மாதிரி இருக்கோணும்" என்றாள். பதினைந்து வயதுப் பிள்ளைகள் பெற்றோரிடம் கேட்கும் பொருள்களுள் இப்படியொன்று வருமென்று நாம் எதிர்பார்த்திருக்கவில்லை. நாற்காலிகளை அடுக்கி முடிப்போம் என்றோம். அடுக்கி முடிந்த பின்னரும் அவள் அங்கேயே நின்றாள்.

ஐந்து தந்தி ஏன் என்பதற்கான காரணம் அன்றைய மேடையிலேயே இருந்தது. எமது பாடசாலை இசைக்குழுவிற் பாடும் உயர்வகுப்பு ஆண்பிள்ளைகளின் சுருதி இரண்டு கட்டை. அவள் வாசித்ததோ இரவலாகப் பெற்ற நான்கு தந்திப் பேஸ். அதன் தந்திகளைத் தடித்ததிலிருந்து மெல்லியது வரை, எமது சங்கீத வழக்கிற் சொல்வதானால், மூன்று கட்டை, ஆறு கட்டை, இரண்டு கட்டை, ஐந்து கட்டை எனச் சுருதி கூட்டுவர். ஒவ்வொரு தந்தியும் தனக்கு முந்தியதற்குச் சுத்த மத்திமம். ஆகவே அக்கருவி எட்டக்கூடிய மிகத் தாழ்ந்த சுரம் மூன்று கட்டை. இரண்டு கட்டையில் ஒருவர் பாடி முடித்துச் சட்சத்தில் வந்து அமரும்போது, அடியில் நின்று தாங்கவேண்டிய பேஸ் ஒரு தாயி மேலே ஏறி நிற்க நேர்கின்றது. சபையில் இருந்தோர் எவரும் அதனைக் கவனித்திருக்க மாட்டார்கள். வாசித்தவளுக்குத் தெரிந்தது.

தடித்த தந்திக்கு அப்பால் இன்னொரு தந்தி ஏழு கட்டையிற் சேருமாயின், அதன் முதலாம் மெட்டில் ஒரு கட்டையும், இரண்டாம் மெட்டில் ஒன்றரையும், மூன்றாம் மெட்டில் இரண்டும் கிடைத்துவிடும். (மெட்டு என்று இங்கே நாம் கூறுவது வீணைத் தண்டியில் உள்ளதைப் போன்ற மெட்டையே, பாட்டின் மெட்டை அன்று.) இது நியாயமான வேண்டுகோள். பழைய தோற்றம் எதற்கு என்று நாம் கேட்கவில்லை. அதற்கான காரணம் எமது வீட்டுச் சுவரில் தொங்குகின்றது.

அது எமது தமையனாரின் படம். 2004 ஆம் ஆண்டு, போர்நிறுத்த காலத்தில், கிளிநொச்சிப் பகுதிக் கோயிலொன்றின் திருவிழாவில் எடுக்கப்பட்டது. நாதஸ்வரக் கச்சேரி முடிந்து நள்ளிரவு கடந்த பின்னரே இசைக்குழு மேடையேறும். மின்பிறப்பாக்கியின் இரைச்சலுக்கிடையே தமையனார் பேஸ் வாசித்துக்கொண்டு நிற்பார். கருவி யப்பானிற் செய்யப்பட்டது. எத்தனை கை மாறி அவரிடம் வந்ததோ, நாம் அறியோம். ஒருபுறம் ஏறி மறுபுறம் இறங்கியதுபோல் இடை கோணலாக வளைந்த உடல். ஓரத்திற் கறுத்து நடுவில் தேன்நிறமாக வெளிறும் சாயம். ஆமையோட்டு வண்ணத் தகடு. 1976 இல் ‘அன்னக்கிளி’ மூலம் அறிமுகமான இளையராஜா, பேஸ் கிற்றாரைத் தாளத்துக்குத் துணைபோகும் கருவி என்ற அளவில் விட்டுவிடாது, பாடுபவருக்கு மறுமொழி கூறும் குரலாகவே ஆக்கியிருந்தார். அவருடைய குழுவிற் சசிதரன் வாசித்தவற்றை ஒலிநாடாவில் முன்னும் பின்னும் ஓட்டிக் கேட்டே எமது தமையனார் பழகினார். அவருக்கும் இரண்டு கட்டைப் பாட்டுகள் தொல்லை கொடுத்தன. முந்திய பாட்டுக்கான கைதட்டல் ஓய்வதற்குள் தடித்த தந்தியின் பிருடையைத் திருகி, செவியின் துணையால் மட்டும், இரண்டு கட்டைக்கு இறக்கிவிடுவார். தளர்ந்த தந்தி மெட்டுகளில் அடிபட்டுப் படபடக்கும். பாட்டு முடிந்ததும் மறுபடி ஏற்றுவார்.

2008 ஆம் ஆண்டின் பிற்பகுதியில் ஊரைவிட்டு வெளிக்கிட்டபோது வீட்டுக் கூரைத் தகரங்களையும் கழற்றி உழவு இயந்திரப் பெட்டியில் ஏற்றினோம். ஈற்றில் மிஞ்சிய இடத்தில் அம்மாவின் தையல் இயந்திரம், அண்ணரின் கிற்றார் ஆகிய இரண்டில் ஒன்றே கொள்ளும். கிற்றாரை விட்டுவிட்டுப் போவோம் என்று கூறியவர்கள் நாமே. அண்ணர் மறுத்துப் பேசவில்லை. தந்திகளைத் தளர்த்திச் சுவரில் மாட்டிவிட்டு வந்தார். சிறிது காலம் வாசிக்காது வைக்கும் கருவிக்கு அப்படிச் செய்வது அவர் வழக்கம். 2009 மே மாதத்தின் பின்னர் அவரைப் பற்றிய செய்தி எதுவும் எமக்குக் கிடைக்கவில்லை. கனடாவிலுள்ள அக்காவுக்கு முன்னரே அனுப்பியிருந்தமையால் அந்தப் படம் மட்டும் தப்பியது. மகள் தன் பெரியப்பாவை அறிந்தது அப்படத்தில் மட்டுமே.

பழைய முகமும் ஐந்தாவது தந்தியும் ஒன்றாகக் கிடைப்பது அத்தனை எளிதன்று என்பதைத் தேடத் தொடங்கிய பின்னரே அறிந்தோம். பேஸ் கிற்றாரின் வரலாறு அப்படி. 1951 ஆம் ஆண்டில் அமெரிக்காவின் கலிபோர்னியா மாநிலத்தில் லியோ ஃபெண்டர் ‘பிரிசிஷன் பேஸ்’ என்னும் கருவியை விற்பனைக்குக் கொண்டுவந்தார். அதுவரை ஆளுயரப் பெருவயலினை நிறுத்தி வைத்து வாசித்தவர்கள், அதன்பின் தோளில் மாட்டிக்கொண்டு நடக்கலாயினர். மெட்டுகள் இருந்தமையால் சுரம் பிசகாது. அப்பெயரின் பொருளும் அதுவே. 1960 இல் அவரது நிறுவனம் ‘ஜாஸ் பேஸ்’ என்பதை வெளியிட்டது. எமது தமையனார் கையில் இருந்தது அதன் சாயலிற் செய்யப்பட்டதே. இவையெல்லாம் நான்கு தந்திக் கருவிகள். 1965 இல் அதே நிறுவனம் ஐந்து தந்திப் பேஸ் ஒன்றைச் செய்ததாயினும், சேர்த்தது மேற்பக்கத்து மெல்லிய தந்தியை, அது நிலைக்கவில்லை. 1975 இல் நியூயோர்க் நகரத்து வாத்தியக் கலைஞர் அன்ரனி ஜாக்சன், கார்ல் தொம்சன் என்னும் கைவினைஞரைக் கொண்டு, கீழே ஒன்றும் மேலே ஒன்றுமாக ஆறு தந்தி பூட்டிய கருவியைச் செய்வித்தார். பின்னர் 1980களில் மின்னணு இசைக்கருவிகள் மூன்று கட்டைக்கும் கீழே சரளமாக இறங்கின. பேஸ் வாசிப்போரும் இறங்க வேண்டியதாயிற்று. ஐந்து தந்தி பரவியது அக்காலத்திலேயே.

புதிய தந்தி பூட்டியவர்களுட் பலர் புதிய உருவத்தையும் விரும்பினர். பலவகை மரங்களை அடுக்கடுக்காக ஒட்டி மெருகிட்ட உடல், கூரிய கொம்புகள், சிலவற்றுக்குத் தலையே இல்லை. அழகில்லை என்று கூறமாட்டோம். "அப்பா, இது வீட்டுச் சாப்பாட்டு மேசை மாதிரி இருக்கு" என்று மகள் காதோடு கூறினாள்.

நான்கே முறை, ஐந்து மிகை என்று கூறும் பெரியோரும் உளர். விபுலாநந்த அடிகளின் ‘யாழ்நூல்’ 1947 இல் அரங்கேறியது. பேரியாழுக்கு 21 நரம்பு, சகோடயாழுக்கு 14, செங்கோட்டியாழுக்கு 7 என எமது முன்னோர் தேவைக்கேற்பக் கூட்டியும் குறைத்தும் கட்டியமையை உயர்வகுப்புப் பிள்ளைகள் படித்திருப்பீர்கள். வீணை வாங்கிக் கொடுக்கலாமே என்று அன்புடன் கேட்ட பெற்றோருக்கு எமது விடை: வீணை வாசிக்க இப்பாடசாலையில் மூவர் உளர், அம்மூவருக்கும் அடியில் நிற்க ஒருவர் வேண்டும்.

வன்னியில் விஞ்ஞானம் கற்பித்த காலத்திற் சுரமானியை நாம் கரும்பலகையில் வரைந்தே காட்டினோம். ஆய்வுகூடத்தில் அது இருக்கவில்லை. தந்தி நீண்டாலும் தடித்தாலும் தளர்ந்தாலும் சுருதி தாழும். கருவி தெரிவு செய்வோர் அறிந்திருக்க வேண்டிய விஞ்ஞானம் பெரும்பாலும் இவ்வளவே. மூன்று கட்டைத் தந்தி செக்கனுக்கு ஏறத்தாழ 41 தடவையும், ஏழு கட்டைத் தந்தி 31 தடவையும் அதிர்கின்றன. அதாவது முக்காற் பங்கு. மீடிறன் இழுவையின் வர்க்கமூலத்துக்கு நேர்விகிதசமம். எனவே அதே தந்தியை வெறுமனே தளர்த்தி அங்கு இறக்குவதாயின் இழுவையைப் பதினாறில் ஒன்பது பங்காக்க வேண்டும். இரண்டு கட்டைக்கு இறக்குவதற்கே ஐந்தில் ஒரு பங்கு இழுவை போய்விடும். அண்ணரின் தந்தி ஏன் படபடத்தது என்பதை இந்தக் கணக்கைத் தாளில் எழுதியபோது விளங்கிக்கொண்டோம். ஒரே வீட்டில் இருந்த காலத்தில், விஞ்ஞான ஆசிரியராகிய நாம் அதை ஒருநாளும் கணக்கிட்டுப் பார்க்கவில்லை.

ஆகவே கருவி செய்வோர் தந்தியைத் தடிப்பாக்குகின்றனர். வழக்கமான தடித்த தந்தி 2.7 மில்லிமீற்றர் அளவினது, ஐந்தாவது 3.3 மில்லிமீற்றர். சிலர் நீளத்தையும் கூட்டுகின்றனர். ஃபெண்டர் வகுத்த நீளம் 34 அங்குலம். அதனை 35 ஆக்கினால், அதே தந்தி அதே சுருதியில் நூற்றுக்கு 6 பங்கு கூடுதலான இழுவையுடன் நிற்கும். ஒலி தெளியும்.

இத்தனை கணக்குடனும் ஓர் அளவுநாடாவுடனும் இலண்டனில் இசைக்கருவிக் கடைகளுக்குப் பெயர்பெற்ற டென்மார்க் வீதிக்கும், பின்னர் வேறு சில கடைகளுக்கும் சென்றோம். அளவுநாடாவைக் கண்ட கடைப் பையன் சிரித்தான். கணக்கு ஒன்று கூறியது. பிள்ளையின் உடம்பு வேறொன்று கூறியது. 35 அங்குலக் கருவியின் அடித்தந்தி கோயில் மணிபோல் ஒலித்தது, மெய்தான். ஆனால் அதன் முதலாம் மெட்டை அழுத்த அவள் தோளையே நீட்ட வேண்டியிருந்தது. எமது குழுவுக்கு வேண்டிய ஒரு கட்டையோ அங்கேதான் இருக்கின்றது. ஆறு தந்திக் கருவியின் தண்டு, தந்திகள் பிருடைக்குத் திரும்பும் இடத்திலேயே 54 மில்லிமீற்றர் அகலம். அவளது பெருவிரல் பின்புறத்தில் தவித்தது. மேலும் பழைய முகத்துடன் ஆறு தந்தி காண்பது மிக அரிது. ஐந்து தந்தியில் அம்முகம் கிடைக்கின்றது. ஃபெண்டர் ஜாஸ் பேஸின் ஐந்து தந்தி வகை, அதன் மலிவுப் பதிப்பான ஸ்குவையர், மார்க்கஸ் மில்லரின் பெயரைத் தாங்கிய சையர் ஆகியவற்றைப் பார்த்தோம். இவற்றின் நீளம் 34 அங்குலமே.

அந்நீளத்தில் ஒரு கருவிக்கும் இன்னொன்றுக்கும் பெரிய வேறுபாடு இருக்கலாம். ஒரே கடையில் ஒரே உருவுடைய இரண்டினை வாசித்தபோது ஒன்றின் அடித்தந்தி உறுமியது, மற்றதன் தந்தி சேற்றிற் கால் வைத்ததுபோல் ஒலித்தது. மகள் தானே ஒரு சோதனையைக் கண்டுபிடித்தாள். ஐந்தாவது தந்தியின் ஐந்தாம் மெட்டில் அழுத்தினால் மூன்று கட்டை பிறக்கும். உடனே அடுத்த தந்தியை வெறுமையாக மீட்டினால் அதுவும் மூன்று கட்டை. இரண்டும் ஒரே வீட்டுப் பிள்ளைகளின் குரல்போல் ஒலிக்க வேண்டும். ஒலிக்காவிடின் அக்கருவியை அவள் சுவருக்கே அனுப்பினாள். எமது பங்குக்கு நாம் செய்வித்த சோதனை ஒன்றுதான்: தோளில் மாட்டிக்கொண்டு இருபது நிமிடம் நிற்குமாறு கூறினோம். இக்கருவிகள் நாலரைக் கிலோ வரை நிறையுடையவை. ஐந்து பிருடைகளின் பாரத்தாற் சிலவற்றின் தலை கீழே சாயும். இடது கையை விட்டதும் தண்டு தரையை நோக்கி இறங்குமாயின், அது எவ்வளவு இனிமையாக ஒலித்தாலும் வாங்காதீர்கள். மின்கலம் தீர்ந்தால் ஊமையாகும் கருவியும் வேண்டாம் என்றோம். மின்கலம் இன்றியும் ஒலிக்க ஓர் ஆளி உள்ளதா எனக் கேட்டுக்கொள்வது நன்று. மின்சாரத்தை நம்பி வாழாதவர்களின் பழக்கம் இது என்று மகள் சிரித்தாள்.

எரிபொருள் நிலைய இரவு வேலையில் ஆறு மாதம் சேர்த்து வைத்தது 500 பவுண். ஒருவர் பாவித்த சையர் ஐந்து தந்திக் கருவி, கறுத்த ஓரமும் தேன்நிற நடுவும் ஆமையோட்டுத் தகடுமாக, 430 பவுணுக்குக் கிடைத்தது. உடலில் ஒரு சிறு வெட்டுக் காயம் இருந்தது. அதனைக் காட்டி விலை குறைக்கலாம் என்று நாம் நினைக்கையில், "அது இருக்கட்டும் அப்பா" என்று கூறிவிட்டாள்.

அன்று மாலை கிளிநொச்சியில் உள்ள அம்மாவைத் தொலைபேசியின் திரையில் அழைத்தோம். மகள் கருவியை மடியில் வைத்துக்கொண்டு அமர்ந்தாள். அம்மா கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு நெடுநேரம் பார்த்தார்.

"கொண்ணன்ர பெட்டியெல்லோ" என்றார் எம்மிடம். பின்னர் திரைக்குக் கிட்ட வந்து எண்ணினார். "ஒரு கம்பி கூடக் கிடக்குது."

"ஓம் அப்பம்மா. பெரியப்பாட்ட இல்லாத கம்பி."

"அதை ஒருக்கா அடி, கேப்பம்."

மகள் ஐந்தாவது தந்தியின் மூன்றாம் மெட்டில் விரலை வைத்து மீட்டினாள். எமது அறைத் தரை அதிர்ந்தது. சன்னற் கண்ணாடி முனகியது. அம்மா காதைச் சாய்த்தபடியே இருந்தார்.

"ஒண்டும் கேக்கேல்லைப் பிள்ளை."

செக்கனுக்கு 37 அதிர்வு. அவ்வளவு தாழ்ந்த ஒலியைத் தொலைபேசியின் சிறு ஒலிவாங்கியும் ஒலிபெருக்கியும் கடத்தமாட்டா. இதனை நாம் விளக்கத் தொடங்குமுன் மகள் விரலை எடுத்தாள். இரண்டு கட்டைத் தந்தியைத் தொட்டு, ஒரு தாயி மேலே, பெரியப்பாவின் கருவியில் இருந்த சுரத்தையே வாசித்தாள்.

"ஆ, இப்ப கேக்குது" என்றார் அம்மா. "நிப்பாட்டாதை, அடி."