உயிரோடு இருந்தால் போதுமா?

2012 ஆகஸ்ட் 1. நியூயார்க் பங்குச்சந்தை காலை ஒன்பதரைக்குத் திறந்தது. அடுத்த 45 நிமிடத்தில் நைட் கேபிடல் என்ற அமெரிக்கப் பங்குத்தரகு நிறுவனம் இழந்தது 46 கோடி டாலருக்கும் மேல்! திருட்டு இல்லை, மோசடி இல்லை. சர்வர் எதுவும் நின்றுபோகவும் இல்லை. எல்லாம் ஓடிக்கொண்டுதான் இருந்தன. பிரச்சினையே அதுதான்.

வாடிக்கையாளர்களின் ஆர்டர்களைச் சந்தைக்கு அனுப்ப அங்கே 8 சர்வர்கள் இருந்தன. புதிய நிரலை ஏற்றியபோது ஒன்று மட்டும் விடுபட்டுப்போனது. 2003-லேயே கைவிட்ட பழைய நிரல் ஒன்று அதில் கிடந்தது, அது விழித்துக்கொண்டது. ஆர்டர் நிறைவேறிவிட்டது என்பதே தெரியாமல் மேலும் மேலும் வாங்கியது, விற்றது. 212 சிறிய ஆர்டர்கள் 40 லட்சத்துக்கும் அதிகமான வர்த்தகங்களாகப் பெருகின.

எச்சரிக்கை வரவில்லையா? வந்தது! காலை 8 மணி முதல் சந்தை திறக்கும் வரை அந்த நிறுவனத்தின் கணினியே ஊழியர்களுக்கு 97 மின்னஞ்சல்கள் அனுப்பியிருந்தது. அந்தப் பழைய நிரலின் பெயரே அவற்றில் இருந்தது. ஆனால் அவை எச்சரிக்கை மணியாக அமைக்கப்பட்டவை அல்ல. வழக்கமாக யாரும் அவற்றைப் படிப்பதும் இல்லை. பங்கு நிலவரத்தைக் காட்டும் திரை ஒன்றும் இருந்தது. அதுவும் தானாகக் குரல் கொடுக்காது. ஒருவர் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

வணிகவியல் படிப்பவர்களுக்கு இது புதிதல்ல. இருப்பாய்வின் இரண்டு பக்கமும் ஒத்துப்போனால் கணக்கு சரி என்று அர்த்தமா? விடுபிழை, விதிப்பிழை, ஈடுசெய் பிழை எல்லாம் உள்ளே ஒளிந்துகொண்டே இருக்கும். சர்வர் "ஓடுகிறது" என்பதும் அப்படிப்பட்ட ஒரு இருப்பாய்வுதான்.

இணையப் பயன்பாடுகளில் 'ஹெல்த் செக்' என்று ஒன்று வைப்பார்கள். சில விநாடிகளுக்கு ஒருமுறை வேறொரு கணினி வந்து "நலமா?" என்று கேட்கும். "200" என்று பதில் வந்தால் நலம். ஆனால் என்ன கேட்கிறோம் என்பதில்தான் விஷயம் இருக்கிறது.

முதல் கேள்வி: உயிர் இருக்கிறதா? இல்லையென்றால் மறுபடி துவக்க வேண்டும்.

இரண்டாவது: வேலைக்குத் தயாரா? டேட்டாபேஸ் இணைப்பு இருக்கிறதா? இல்லையென்றால் வாடிக்கையாளரை அந்தப் பக்கம் அனுப்பாமல் இருந்தால் போதும். இந்த இரண்டையும் குழப்பினால் ஆபத்து. டேட்டாபேஸ் ஒரு நிமிடம் தடுமாறினாலும் நல்ல சர்வர்கள் அத்தனையும் ஒன்றாக மறுதுவக்கம் ஆகும்!

மூன்றாவது: செய்கிற வேலை சரியா? கடை திறந்திருக்கிறது, கல்லாவில் ஆளும் இருக்கிறார், ஆனால் மீதிச் சில்லறையைத் தப்பாகக் கொடுக்கிறார் என்றால்? இதற்கு "200" போதாது. நிமிடத்துக்கு எத்தனை ஆர்டர், எத்தனை பிழை, பதில் வர எவ்வளவு நேரம் என்று எண்ண வேண்டும். வழக்கமான அளவைத் தாண்டினால் மணி அடிக்க வேண்டும். அந்த மணி யாருக்கு, கேட்டவர் என்ன செய்ய வேண்டும் என்பதும் முன்பே முடிவாகியிருக்க வேண்டும். நாளுக்கு நூறு முறை சும்மா அடிக்கிற மணியை யாரும் மதிக்க மாட்டார்கள். 97 மின்னஞ்சல்களே சாட்சி.

நைட் கேபிடலில் அந்த 45 நிமிடங்களில் இன்னொன்றும் நடந்தது. எங்கே கோளாறு என்று தெரியாத பதற்றத்தில், சரியாக இருந்த 7 சர்வர்களிலிருந்தும் புதிய நிரலை நீக்கிவிட்டார்கள். ஒன்று செய்த தவறை எட்டும் செய்யத் தொடங்கின!

அமெரிக்கப் பங்குச்சந்தை ஒழுங்குமுறை ஆணையம் 2013 அக்டோபரில் 1.2 கோடி டாலர் அபராதம் விதித்தது. அதற்குள் நிறுவனம் கெட்கோ என்ற வேறொரு நிறுவனத்தோடு இணைந்துவிட்டிருந்தது.

ஒவ்வொரு சர்வரும் தன் ஹெல்த் செக்கில் "என்னிடம் இருப்பது இந்தப் பதிப்பு" என்று ஒரு வரி சேர்த்துச் சொல்லியிருந்தால், எட்டில் ஒன்று மட்டும் வேறு பதில் சொல்வது சந்தை திறப்பதற்கு முன்பே தெரிந்திருக்கும்.