பிராசஸரை மாற்றலாமா?

களப்பணி செய்கிறவர் வீட்டில் கேமிங் கணினி இருந்தால் சிலருக்கு உறுத்துகிறது. "உங்களுக்கு எதுக்குத் தோழர் இதெல்லாம்?" என்று என்னிடம் கேட்டிருக்கிறார்கள். ஐடி வேலையில் இருப்பவரிடம் யாரும் இப்படிக் கேட்பதில்லை. உழைக்கிற மனிதருக்கு விளையாட்டும் வேண்டும். அதற்கு நான் யாருக்கும் விளக்கம் சொல்லப் போவதில்லை. ஆனால் செலவு என்று வந்தால், என் சம்பளத்தில் ஒவ்வொரு ஆயிரத்தையும் யோசித்துத்தான் எடுக்க வேண்டியிருக்கிறது.

என்னிடம் இருந்தது 2017-ல் வெளிவந்த ரைசன் 5 1600 பிராசஸர். அதோடு பி450 மதர்போர்டு, 16 ஜிபி ராம், ஜிடிஎக்ஸ் 1660 சூப்பர் கிராபிக்ஸ் கார்டு, 60 ஹெர்ட்ஸ் மானிட்டர். எல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்தவை. சென்னை ரிச்சி தெருவில் விசாரித்தபோது ஒரு கடைக்காரத் தம்பி, "மொத்தமா ஏஎம்5-க்கு மாறிடுங்கண்ணே" என்றார். ஏஎம்5 என்றால் சாக்கெட் வேறு, எனவே போர்டு புதிது. அந்தப் போர்டில் டிடிஆர்4 ராம் பொருந்தாது, எனவே டிடிஆர்5 ராமும் புதிது. அவர் போட்ட கணக்கு நாற்பதாயிரத்தைத் தொட்டது.

சமூகவியல் வகுப்பில் படித்தது நினைவுக்கு வந்தது. 18-ஆம் நூற்றாண்டு பிரெஞ்சுச் சிந்தனையாளர் டிடரோவுக்கு ஒரு புதிய அங்கி கிடைத்தது. அதன் பக்கத்தில் அறையிலிருந்த பழைய பொருள்கள் எல்லாம் மங்கலாகத் தெரிய, ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டே போனதாக அவர் எழுதினார். ஒரு பொருள் மற்ற பொருள்களையும் வாங்க வைக்கும் இந்தப் போக்குக்கு மானிடவியலாளர் கிராண்ட் மெக்ராக்கன் 1980-களில் 'டிடரோ விளைவு' என்று பெயர் வைத்தார். கடைக்காரத் தம்பியின் துண்டுச்சீட்டில் நான் பார்த்தது அதைத்தான்.

அதனால் வீட்டுக்கு வந்து முதலில் அளந்து பார்த்தேன். கேம் ஓடும்போது கிராபிக்ஸ் கார்டின் பயன்பாடு 95 சதவீதத்துக்கு மேல் இருந்தால், வேகத்தைத் தடுப்பது கார்டுதான். பிராசஸரை மாற்றினால் பெரிய பலன் இருக்காது. ரெசல்யூஷனைக் குறைத்த பிறகும் பிரேம் எண்ணிக்கை ஏறவில்லை என்றால் பிராசஸரைச் சந்தேகிக்கலாம். 60 ஹெர்ட்ஸ் மானிட்டர் நொடிக்கு 60 பிரேம்தான் காட்டும் என்பதையும் மறக்கக் கூடாது.

என் கேம்களில் பெரும்பாலானவற்றில் கார்டுதான் திணறியது. ஒன்றே ஒன்று விதிவிலக்கு: 2015-ல் வந்த சிட்டீஸ் ஸ்கைலைன்ஸ். நகரத்தைக் கட்டி நடத்தும் கேம் அது. மக்கள் தொகை கூடக்கூட, அத்தனை பேரின் போக்குவரத்தையும் பிராசஸர்தான் கணக்கிட வேண்டும். என் நகரம் பெருகியதும் கடிகாரமே நின்றதுபோல் ஆனது. எனக்கு மிகப் பிடித்த கேம் அதுதான். அந்த நகரத்தின் கழிவுநீர் குழாய் வழியே சுத்திகரிப்பு நிலையத்துக்குப் போகும்; யாரும் மலக்குழிக்குள் இறங்க வேண்டாம்.

அதற்காக மட்டும் பணம் செலவழித்திருப்பேனா என்று தெரியாது. இன்னொரு காரணமும் இருந்தது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு முடியும் என்று அறிவித்திருந்தார்கள். விண்டோஸ் 11 அதிகாரப்பூர்வமாக ஏற்கும் பிராசஸர் பட்டியலில் ரைசன் 5 1600 இல்லை. இதே கணினியில்தான் வன்கொடுமைக்கு ஆளானவர்களின் வாக்குமூலங்களைத் தட்டச்சு செய்கிறேன். ஊர், பெயர், சாட்சி சொன்னவர் யார் என்பதெல்லாம் இதில் இருக்கிறது. பாதுகாப்பு அப்டேட் வராத கணினியில் அவற்றை வைத்திருக்க எனக்கு உரிமை இல்லை. லினக்ஸுக்கு மாறியிருக்கலாம், ஆனால் எங்கள் அலுவலகத்தின் பதிவு மென்பொருள் விண்டோஸில்தான் ஓடும்.

முடிவு இப்படி அமைந்தது: போர்டு, ராம், கார்டு எல்லாம் அப்படியே இருக்கட்டும், அதே ஏஎம்4 சாக்கெட்டில் பொருந்தும் ரைசன் 5 5600 மட்டும் போதும். 2022-ல் வந்த அந்தப் பிராசஸர் எனக்குப் பத்தாயிரம் ரூபாய்க்குள் கிடைத்தது.

இது பி450 போர்டில் ஓடுவதற்கே ஒரு கதை உண்டு. அந்தப் போர்டுகளில் புதிய தலைமுறை ரைசன் வேலை செய்யாது என்றுதான் 2020 மே மாதம் ஏஎம்டி சொன்னது. பயனர்கள் எதிர்த்துக் கேள்வி கேட்டார்கள். அதே மாதத்தில் நிறுவனம் முடிவை மாற்றிக்கொண்டது. நாங்கள் வாங்கியது இன்னும் உழைக்கும் என்று அவர்கள் பேசியதால் எனக்கு முப்பதாயிரம் மிச்சம்.

மாற்ற நினைப்பவர்களுக்கு இரண்டு குறிப்புகள். பழைய பிராசஸரைக் கழற்றும் முன்பே பயாஸை அப்டேட் செய்துவிடுங்கள். கணினியைச் சற்று நேரம் ஓடவிட்டு, அணைத்து, சூடு இருக்கும்போதே கூலரை மெல்லத் திருகி எடுங்கள். நேராக இழுத்தால் பிராசஸரும் ஒட்டிக்கொண்டு வரும், பின்கள் வளையும்.

கழற்றிய 1600-ஐ எங்கள் பகுதி மாலைப் பயிலகத்துக்குக் கொடுத்துவிட்டேன். அங்கே அதே சாக்கெட்டில் இரண்டு கோர் அத்லான் ஒன்று திணறிக்கொண்டிருந்தது. 1600-க்குத் தனி கிராபிக்ஸ் கார்டு தேவை என்பதால் நண்பர் ஒருவர் பழைய கார்டு தந்தார். லினக்ஸ் போட்டிருக்கிறோம். தூக்கிப் போட்டிருந்தால் டெல்லி சீலம்பூர் போன்ற ஒரு இடத்தில், கையுறைகூட இல்லாத யாரோ ஒருவர் அதைப் பிரித்துக்கொண்டிருப்பார்.

வாங்குங்கள் தோழர்களே, குற்ற உணர்வு வேண்டாம். எது உண்மையில் திணறுகிறது என்று அளந்துவிட்டு வாங்குங்கள். கழற்றியது யார் கைக்குப் போகிறது என்பதையும் பாருங்கள்.