சித்திக்குச் சொன்ன நிலா

2008 ஆகஸ்ட் 16, சனிக்கிழமை. சுதந்திர தினத்தை ஒட்டி வந்த லீவுக்குக் கோவில்பட்டிப் பக்கம் ஆச்சி வீட்டுக்குப் போயிருந்தோம். ராத்திரி எட்டு மணிக்கு டிவியில் பெய்ஜிங் ஒலிம்பிக்ஸ். உசைன் போல்ட் நூறு மீட்டரை 9.69 விநாடியில் ஓடி முடித்தார். கோட்டைத் தொடும் முன்பே நெஞ்சில் தட்டிக்கொண்டார். வீடே கத்தியது. "இன்னிக்கு மூணு மணி நேரம் நடக்கிற ஓட்டம் ஒண்ணு இருக்கு, முழிச்சிருப்பியா?" என்று மாமா என்னைக் கேட்டார். சந்திர கிரகணத்தைத்தான் சொன்னார்.

மாமா அறிவியல் இயக்கத்துக்காரர். அந்த இயக்கத்தின் 'துளிர்' இதழ்களைத் தைத்துக் கட்டி வைத்திருப்பார். ஆச்சிக்கோ அது நிலாவைப் பாம்பு பிடிக்கிற ராத்திரி. வெளிச்சம் இருக்கையிலேயே சமையலை முடித்து, மோரிலும் ஊறுகாயிலும் தர்ப்பையைக் கிள்ளிப் போட்டாள். சித்தி அப்போது மாசமாக இருந்தாள். அவளை உள்ளறையில் உட்காரவைத்து ஜன்னலைச் சாத்தினாள். மாமா எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். "ஒம் பாடத்தப் பள்ளிக்கூடத்துல வச்சுக்கய்யா" என்பதோடு பேச்சு முடிந்தது. எனக்குச் சித்தியை நினைத்துத்தான் வருத்தமாக இருந்தது. அந்த வீட்டில் நிலா பார்க்க என்னைவிட ஆசைப்பட்டவள் அவள்.

தட்டட்டியில் பாய். காற்று பிய்த்துக்கொண்டு போனது. மேகம் வந்து வந்து விலகியது. ஒரு மணி தாண்டி ஆறு நிமிஷத்தில் ஆரம்பம் என்று மாமா சொல்லியிருந்தார். முதலில் இடது ஓரம் அழுக்கானதுபோல் இருந்தது. கொஞ்ச நேரத்தில் நிஜமாகவே ஒரு துண்டைக் காணோம். கடித்த இடம் நேராக இல்லை, வளைந்திருந்தது. "அந்த வளைவ விரலால வானத்துல முழுசா வரைஞ்சு பாரு" என்றார் மாமா. வரைந்தேன். நிலாவைவிட ரொம்பப் பெரிய வட்டம் வந்தது. "அதுதான் நம்ம பூமி நிழல். அங்க நிலாவப்போல ரெண்டரை மடங்குக்கும் மேல அகலம். இந்த வளைவக் காட்டித்தான் பூமி உருண்டைன்னு அரிஸ்டாட்டில் சொன்னாரு." நான் படுத்திருந்த பூமியின் ஓரத்தை அவ்வளவு தூரத்தில் பார்த்தது அன்றைக்குத்தான்.

உடனே கீழே ஓடினேன். "சித்தி, கால்வாசி போயிருச்சு!" கதவுக்கு அந்தப் பக்கமிருந்து, "எந்தப் பக்கம்? என்ன நிறம்?" என்று கேள்வி வந்தது. பதில் தெரிய மறுபடி மேலே. அப்படி எத்தனை முறை ஏறி இறங்கினேனோ! ஆச்சி முறைத்தாளே தவிரத் தடுக்கவில்லை.

இரண்டே முக்காலுக்குச் சற்று முன் உச்சம். நிலாவின் விட்டத்தில் ஐந்தில் நான்கு பங்கு நிழலுக்குள். ஓரத்தில் ஒரு கீற்று மட்டும் பளிச்சென்று இருக்க, மறைந்த பாகம் முழுக் கறுப்பாக இல்லாமல் மங்கலான செம்பு நிறத்தில் தெரிந்தது. பூமியின் காற்றுமண்டலம் வளைத்து அனுப்பும் சூரிய வெளிச்சம் அது என்றார் மாமா. சித்தியிடம் சொன்னபோது, "செம்புன்னா, தேய்ச்ச செம்பா, தேய்க்காததா?" என்றாள். "தேய்க்காதது."

நாலேகாலுக்கு நிழல் விலகியது. ஆச்சி எல்லாரையும் தலைக்குக் குளிக்க வைத்தாள்.

வரும் 2028 ஜூலை 6 அன்று நள்ளிரவையொட்டி நம் ஊரிலும் ஒரு பகுதிக் கிரகணம் தெரியும். சித்திக்குப் போன் போட்டுச் சொல்லியிருக்கிறேன். மகளோடு தட்டட்டியில்தான் இருப்பாளாம்.